சிஸ்டரின் அபிப்பிராயம்

போன மாதம் வெளிவந்த ஒரு புதுப் பெட்டியைப் பற்றி எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று நாள் ஓயாமல் பேசினார்கள். வேற்றுக் கிரகங்களில் நடக்கும் போரை மேசை மேல் விளையாடுவதற்கான சின்னச் சின்ன பொம்மைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கையும் காலும் தலையும் தனித்தனியாக பிளாஸ்டிக் சட்டத்தில் வரும். நறுக்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, அணியாக நிறுத்தி, பகடை உருட்டி விளையாட வேண்டும். விளையாடுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை. ஆனால் புதுப் பெட்டி ஒன்று வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வேற லெவல் என்பார் ஒருவர். போன வருஷத்து டிசைனே தேவலாம் என்பார் இன்னொருவர்.

நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் முன்பக்கப் படங்கள். பின்பக்கத்தை எங்கேயாவது போட்டிருக்கிறார்களா என்று தேடும்போதுதான், இப்படித் தேடும் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்தது.

சிஸ்டர் எந்தப் பொம்மையையும் முதுகுப் பக்கமிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். இடுப்பில் இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அப்படியே திருப்புவார். "முன்னாடி எல்லாரும் சரி பண்ணிடுவாங்க தம்பி" என்பார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதால் எங்களுக்கு அவர் சிஸ்டர்தான், நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

நான் பொத்தேரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது பைக்கிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆறு வாரம் படுத்திருந்தேன். நண்பர்கள் என் பெயிண்ட் டப்பாக்களையும் நாலைந்து பொம்மைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையில் வைத்து, அடிபட்டு விழுந்து கிடக்கும் ஒரு வீரனுக்கு ரத்தம் பூசிக்கொண்டிருந்தேன். ஊசி போட வந்த சிஸ்டர் அதைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. அதை எடுத்துத் திருப்பினார்.

"இவன் எப்ப அடிபட்டான்?"

"இப்பத்தான் சிஸ்டர். சண்டை நடந்துட்டிருக்கு."

"அப்ப ஓரத்துல ஏன் காஞ்சிருக்குது? காஞ்ச ரத்தம் இப்டி செவப்பா இருக்காது, காப்பித்தூள் மாதிரி இருக்கும். ரெண்டுல ஒண்ணு பண்ணு."

மறுநாள் அவரே கேட்டு வாங்கி, ஒரு தூரிகையால் அந்த ஓரத்தைச் சரிசெய்தார். அவர் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் மூன்று வருஷமாகச் செய்ய முடியாததை அவர் இரண்டு நிமிஷத்தில் செய்தார். முடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது இந்த வேல. மனசு ஒரு எடத்துல நிக்குது" என்றார்.

அதே வாரம்தான் பெரிய டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசத்துல ஓட ஆரம்பிச்சுடுவே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். என் அம்மா கண்ணில் நீரோடு கும்பிட்டாள். நான் சிஸ்டர் பக்கம் திரும்பி, "அப்படியா சிஸ்டர்?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

அவர் என் கால் பேண்டேஜைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஓட மாட்ட. நடப்ப. நல்லா நடப்ப."

அம்மா அவரை அதற்குப் பிறகு என் கட்டில் பக்கம் வரவிடக்கூடாது என்று மேட்ரனிடம் சொன்னாள். நானும் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. நான் நன்றாக நடக்கிறேன். ஓடுவதில்லை.

படித்து முடித்ததும் மறைமலைநகரில் வேலை கிடைத்துக் கூடுவாஞ்சேரியில் குடியேறினேன். சிஸ்டரும் அங்கேதான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தன் அம்மாவோடு இருந்தார். ஸ்டேஷன் படிக்கட்டில் ஒருநாள் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விளையாட வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். கோயில் முடிந்து நேரே வந்துவிட்டார், பைபிள் இருந்த அதே பையில் தூரிகையையும் போட்டுக்கொண்டு.

எங்கள் இடம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும். அதை ஏற்பாடு செய்தவன் சேது, என் கல்லூரி நண்பன். கடப்பாக்கத்துக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவர்கள் குடும்பத்தில் என்ஜினீயரிங் படித்த முதல் ஆள். சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகக் கோபப்படுவான், அடுத்த நிமிஷமே மறந்துவிடுவான். புதிதாக வருகிற பெட்டிகளைப் பிரித்து அபிப்பிராயம் சொல்லும் யூடியூப் சானல் ஒன்று நடத்தினான். தமிழில் அப்போது வேறு யாரும் செய்யவில்லை. சிஸ்டர் ஒரு பொம்மையைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட அன்றே, "மச்சான், இவங்க வாய கேமரா முன்னாடி வெச்சே ஆவணும்டா" என்றான்.

முகத்தைக் காட்டக்கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். வீடியோவில் அவருடைய கைகள் மட்டும் தெரியும். குட்டையாக வெட்டிய நகம், இடது கையில் பழைய வாட்ச். சேது பெட்டியைப் பிரித்து, கம்பெனிக்காரன் எழுதியிருக்கும் கதையைச் சொல்லுவான். அப்புறம், "சிஸ்டர், நீங்க இன்னா சொல்றீங்க?" என்று அவர் கையில் கொடுப்பான்.

ஒருமுறை எல்லோரும் காத்திருந்த ஒரு படைத்தலைவன் பொம்மை வந்தது. மலை மாதிரி கவசம், கையில் ஆளை விடப் பெரிய துப்பாக்கி, மண்டை ஓட்டின் மேல் ஒரு கால். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். சிஸ்டர் வெகுநேரம் பார்த்தார்.

"கூட வர்ற சிப்பாய்ங்க அத்தினி பேருக்கும் ஹெல்மெட் கீது. இவனுக்கு மட்டும் இல்ல. இன்னாத்துக்கு?"

"தலைவன் மூஞ்சி தெரிய வேணாமா சிஸ்டர்?"

"தெரியும். வார்டுல தெரியும்."

சேது கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். அந்த வீடியோவைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். 'யாருங்க அந்த அக்கா?' என்று ஒரு கூட்டம் கேட்டது. 'பொம்மையைப் பொம்மையாப் பாருங்க, நர்ஸம்மா' என்று ஒரு கூட்டம் திட்டியது. இரண்டையும் சேது படித்துக் காட்டுவான். சிஸ்டர் கேட்டுக்கொண்டே பெயிண்ட் கலக்குவார்.

போர்க்கள மருத்துவன் ஒருவன் வந்தபோது ஊரே கொண்டாடியது. ஒரு கையில் ரம்பம், மறு கையில் ஊசி பொருத்திய துப்பாக்கி. சிஸ்டர், "எந்தக் கையால புடிப்பான்?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. "அடிபட்டவன மொதல்ல புடிக்கணும். அவன் துடிப்பான். இவனுக்குக் கை எங்க கீது?" அதோடு வைத்துவிட்டார். அந்தப் பெட்டியை இலவசமாக அனுப்பிவைத்த கடைக்காரர் அடுத்த பெட்டியை அனுப்பவில்லை. சேது அதற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் எதையுமே பாராட்டவில்லை என்று சொல்லமுடியாது. தண்டனைக் கைதிகளை வைத்து உருவாக்கிய ஒரு படை வந்தது. பெட்டியில் பத்துப் பேர். ஒன்பது பேர் பாய்கிறார்கள், சுடுகிறார்கள். ஒருவன் மட்டும் ஒரு டப்பா மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அபிப்பிராயம் சொன்ன எல்லோரும் அவனை வீண் என்றார்கள். மேசை மேல் அவனால் ஒரு உபயோகமும் இல்லை என்றார்கள். சிஸ்டர் அவனை முதுகிலிருந்து பார்த்தார். அப்புறம் முன்னாலிருந்து பார்த்தார். அப்புறம் மறுபடியும் முதுகை.

"இவன் செத்துப்பூடுவான்னு இவனுக்குத் தெரியும். அப்பவும் கயிற ஒழுங்கா கட்டறான். இத செஞ்ச ஆளு யாரோ, எங்கயோ உக்காந்து பாத்துகீறாரு."

அதைப் போல உற்சாகமாக அவர் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இந்தக் குணம் எங்களுக்குப் பழகிவிட்டது. எல்லோருக்கும் பழகவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்துகொண்டிருந்தார். மனைவி இறந்த துக்கத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தவர். நாலு மாதம் உட்கார்ந்து ஒரு நடமாடும் கோட்டை மாதிரியான இயந்திரத்துக்குப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். நாங்கள் கைதட்டினோம். அவர் சிஸ்டரிடம் நீட்டினார். "பெயிண்ட் தடியா இருக்குது சார். அடியில இருந்த வேலையெல்லாம் மூடிப்போச்சி" என்றார் சிஸ்டர். வாத்தியார் சிரித்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னா என்ன சிஸ்டர்?" என்று நான் கேட்டேன்.

"நீங்க சொன்னீங்களே, எல்லாரும். அப்புறம் இன்னாத்துக்கு என்கிட்ட காட்டினாரு?"

ஏன் இப்படி ஆனீர்கள், சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "கதையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னா வாய் கொழறும்" என்றார். அவர் அப்பா செங்கல்பட்டுப் பக்கம் வயல் கூலியாக இருந்தவர், இவர் படித்ததே சர்ச் விடுதியில் தங்கித்தான் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சேது ரகசியமாக ஒன்று செய்துகொண்டிருந்தான். ஒன்றரை வருஷமாக, வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சொந்தமாகப் பத்து பொம்மைகளை வடிவமைத்தான். நிலமே இல்லாத, முழுக்கக் கடலாகிவிட்ட ஒரு கிரகம். அங்கே அலைக்கு மேல் மிதக்கும் படகுகளில் போய்ச் சண்டையிடும் மீனவப் படை. வலையும் ஈட்டியும் மின்சாரத் தூண்டிலும் ஆயுதம். பொத்தேரியில் ஒருவரிடம் முப்பரிமாண பிரிண்டரில் கொடுத்து, பிசின் மாதிரி உறையும் ரெசினில் எடுத்தான். வெளிநாட்டுக்காரன் பெட்டியைப் பிரித்துப் பேசியது போதும், இனி நம் பெட்டியைப் பற்றி அவன் பேசட்டும் என்பான். அதை விற்கத் தொடங்குவதற்கு முன் முதல் அபிப்பிராயம் சிஸ்டருடையதாக இருக்கவேண்டும், அதுவும் கேமரா முன்னால் என்று பிடிவாதமாக இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். சேது பத்தையும் வரிசையாக வைத்தான். கேமராவை ஓடவிட்டான். சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, வைத்து, அடுத்ததை எடுத்தார். இருபது நிமிஷம் ஆனது. சேது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"கை நல்லா கீது" என்றார் சிஸ்டர் கடைசியில். "வல இழுக்கற கைய நீ பாத்துகீற. வெரல்ல தெரியுது."

சேதுவின் முகம் விரிந்தது.

"ஆனா மூஞ்சி பத்தும் ஒண்ணு. வெளிநாட்டுப் பொட்டியில வருதே, அதே மூஞ்சி. அதே தாட, அதே மொறப்பு. கடலுக்குப் போறவன் இப்டியா பாப்பான்? உங்கப்பாவ பாத்துதான் செஞ்சியா?"

"இது சயின்ஸ் பிக்‌ஷன் சிஸ்டர். வேற கிரகம்."

"வேற கிரகமா இருந்தாலும் அல அலதான? பயம் இருக்கும்ல? பத்துப் பேர்ல ஒருத்தனுக்காவது இருக்கும்ல?" கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "இத விக்காத தம்பி. இன்னொரு தடவ செய்யி."

சேது கேமராவை நிறுத்தினான். நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன். என்னைத் தள்ளினான்.

"வெள்ளிக்கெழம வேலைய வுட்டுட்டேன். லெட்டர் குடுத்துட்டேன். இத நம்பித்தான் குடுத்தேன். தெரியுமா உங்களுக்கு?"

எனக்கே அது தெரியாது. சிஸ்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

"வேலைய வுட்டதுக்கும் மூஞ்சிக்கும் இன்னா தம்பி சம்மந்தம்?" என்றார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"போங்க சிஸ்டர். இனிமே வராதீங்க."

அவர் தூரிகையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் பின்னால் போகவில்லை. சேது பக்கம் நிற்பதுதான் சரி என்று பட்டது. சிஸ்டர் சொன்னது சரி என்று அவர் சொல்லும்போதே எனக்குத் தெரிந்ததால் இன்னும் கோபமாக இருந்தது.

நாலு மாதம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. சேது எதையும் மாற்றவில்லை. அதே பத்து பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடித்தான். பெட்டிக்கு அட்டை வடிவமைத்தான். விளம்பரப் படம் எடுக்க ஒரு சனிக்கிழமை கடப்பாக்கம் போனான். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் மேல் அவற்றை நிறுத்தி, பின்னால் கழிமுகமும் கடலும் தெரிகிற மாதிரி எடுத்து எனக்கு அனுப்பினான். 'எப்டி மச்சான்?' என்று கேட்டிருந்தான். 'வேற லெவல்' என்று பதில் போட்டேன். நான் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அன்றைக்கே வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பைக்கில் கிளம்பியிருக்கிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் தாண்டி, எதிரே முந்திக்கொண்டு வந்த கார் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். தலையில் அடியைவிட நெஞ்சிலும் வயிற்றிலும்தான் அடி. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுப் பக்கம் கொண்டுவந்தார்கள். அவன் போனில் கடைசியாகச் செய்தி வந்த எண் என்னுடையது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது ஐந்து மணி. நான் படுத்திருந்த அதே மருத்துவமனை. சிஸ்டர் அப்போது எலும்பு வார்டிலிருந்து அவசரப் பிரிவுக்கு மாறியிருந்தார். அவர்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம், "நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், பார்க்கலாம்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவுக்கு வந்து அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. கால்ல அடி. ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிடுவாங்க. இப்ப நீங்க அலைய வேணாம், நாளைக்குக் காலையில வாங்க போதும்."

"அவங்கிட்ட குடு நைனா, ஒரு வார்த்த பேசறேன்."

"மருந்து குடுத்துத் தூங்கறான்மா."

பின்னால் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து போனை வாங்கினார். பிடுங்கினார் என்றுதான் சொல்லவேண்டும்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசறேன். கால்ல இல்லம்மா அடி. உள்ள அடிபட்டுகீது. ரத்தம் நிக்கல. நெலம மோசம். இப்பவே கெளம்புங்க. பஸ்ஸுக்கு நிக்காதீங்க, வண்டி புடிச்சிகினு வாங்க. காலையில வரைக்கும் வெக்காதீங்க."

போனிலிருந்து வந்த சத்தம் எனக்கு எட்டடி தூரத்தில் கேட்டது.

நான் அவரை என்னவெல்லாமோ சொன்னேன். மனுஷியா நீங்கள் என்று கேட்டேன். அவன் உங்களைப் போகச் சொன்னதற்குப் பழிவாங்குகிறீர்கள் என்றும் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சிஸ்டர் போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனார். ரத்தப் பை மாற்றவேண்டிய நேரம்.

சேதுவின் அம்மாவும் மாமாவும் ஏழரை மணிக்கு வந்தார்கள். அப்பா கடலில் இருந்தார். அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது மறுநாள்தான். அம்மாவை உள்ளே விட்டார்கள். அவன் பக்கத்தில் நின்று காதோடு பேசிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் அவனைக் கூப்பிடுகிற பெயர், கோயில் நேர்த்திக்கடன், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று என்னென்னவோ. விடிந்து ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. நான் சொன்னபடி முதல் பஸ்ஸில் கிளம்பியிருந்தால் அவர் அப்போது செய்யூரைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்.

மாமாவுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. டாக்டரே வாய் திறக்காதபோது ஒரு நர்ஸ் எப்படிச் சொல்லலாம், அவள் வாய் வைத்ததுதான் பலித்துவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தார். சிஸ்டரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த பதிலைப் பிற்பாடு அவருடன் வேலை பார்த்த ஒருவர் எனக்குச் சொன்னார். இரண்டே வரி. 'நோயாளியின் தாய் தூரத்தில் இருந்தார். அதனால் சொன்னேன்.'

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடப்பாக்கம் போயிருந்தேன். பந்தலில் சேதுவின் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம் புள்ள வலியில துடிச்சானா?"

"இல்லக்கா, தூங்கற மாதிரி பூட்டான்." "வலியே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாராம்." "அந்த நிமிஷமே நெனவு போயிடும்க்கா." எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர் தலையாட்டுவார். அடுத்தவர் வந்ததும் மறுபடி கேட்பார். என்னிடமும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். பதினாறு நாளாக இப்படித்தான், சோறே சரியாக இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்று மாமா என்னிடம் சொன்னார்.

பதினோரு மணி வாக்கில் சிஸ்டர் வந்தார். பஸ்ஸில் வந்து, மணலில் நடந்து, வேர்த்து வழிய நின்றார். மாமா எழுந்து வழி மறித்தார்.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"பாக்க வந்தேன்."

"பாத்த வரைக்கும் போதும். போம்மா."

"வுடுண்ணே" என்றார் சேதுவின் அம்மா மூலையிலிருந்து. "அந்தப் பொண்ணுதான போன்ல பேசினது? வரட்டும்."

சிஸ்டர் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதே கேள்வி. எழுந்து சிஸ்டரின் தோளைத் தொட்டேன், வேண்டாம் என்று. அவர் திரும்பவில்லை.

"வலி இருந்துச்சிம்மா" என்றார்.

மாமா ஏதோ கத்தினார். அம்மா கையைத் தூக்கி அவரை அடக்கினார்.

"ஆம்புலன்ஸ்ல வரும்போது நெனவு இருந்துச்சி. கத்தினான். எங்ககிட்ட வந்து மருந்து ஏத்தற வரைக்கும் வலி இருந்துச்சி. எல்லாம் சேத்து ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல இல்ல. மருந்து ஏறினப்புறம் மொகம் தளந்துடுச்சி. நான் பக்கத்துலயே இருந்தேன், பாத்தேன். நீங்க வந்தப்ப வலி இல்ல. காலையில போனப்பவும் இல்ல."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பேசினது அவனுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. கேட்டுச்சின்னு சொல்றவங்களுக்கும் தெரியாது."

அம்மா மெதுவாகத் தலையாட்டினார். "ஒரு மணி நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பதினாறு நாளாக அவர் மனதில் அந்த வலி எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஓடியதோ யாருக்குத் தெரியும். பிறகு சத்தம் போட்டு அழுதார். சிஸ்டர் மேல் சாய்ந்துகொண்டு அழுதார். அதற்குப் பின் வந்தவர்கள் யாரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு வாய் சோறு சாப்பிட்டார். மாமா சிஸ்டரைப் பார்க்காமலே அவருக்கும் ஒரு இலை போடச் சொன்னார்.

திரும்பும்போது சிஸ்டரும் நானும் ஒன்றாக மெயின் ரோட்டுக்கு நடந்தோம். வெயில் சுட்டது. பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உன் பிரண்டு. பேசத்தான் பேசுவ" என்றார். ஆறு மாதத்தில் வேலைக்காக வெளிநாடு போகப்போவதாகச் சொன்னார். அப்படியே போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அதைக் கேட்டது தப்பா என்று இன்னும் தெரியவில்லை. சேதுவுக்காகக் கேட்டேனா, எனக்காகக் கேட்டேனா என்றும் தெரியவில்லை.

"சிஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. அவன் செஞ்ச அந்தப் பத்து பொம்மை... நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து கார்கள் புதுச்சேரிப் பக்கம் பறந்தன.

"இல்ல தம்பி" என்றார். "கை நல்லா செஞ்சான். மூஞ்சி வரல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வந்திருக்கும்" என்றார் அவர். "அடுத்த தடவ வந்திருக்கும். இல்ல, அதுக்கு அடுத்த தடவ. அந்தக் கை செஞ்சவனுக்கு மூஞ்சி வராம பூடுமா? எனக்குத் தெரியும், வந்திருக்கும்."

வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியிலும் அழாதவர், பந்தலில் அந்த அம்மா மேலே விழுந்து அழுதபோதும் அழாதவர், கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்று அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

பஸ் வந்தது. கூட்டம். உட்கார இடம் இல்லை. மாமல்லபுரம் வரை இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம்.